வலது தொடையில் போடும் ஊசி

குழந்தை பிறந்த ஆறாவது வாரம். புதன்கிழமை காலை, ஆரம்ப சுகாதார நிலையம். வாயில் சொட்டு மருந்து, இடது தொடையில் பென்டா, வலது தொடையில் பி.சி.வி. பிள்ளை வீறிட்டு அழும். செவிலியர் அட்டையில் தேதி குறித்துவிட்டு அடுத்த பெயரைக் கூப்பிடுவார். அந்த வலது தொடை ஊசி ஏழை வீட்டுப் பிள்ளைவரை வந்து சேர்ந்ததில் நுண்ணுயிரியலுக்கு எவ்வளவு பங்கோ, அவ்வளவு பங்கு ஒரு வியாபார ஒப்பந்தத்துக்கும் உண்டு.

பி.சி.வி. என்ற அந்த ஊசி எதிர்ப்பது நியூமோகோக்கஸ் என்ற பாக்டீரியாவை. நம்மில் பலருடைய மூக்கிலும் தொண்டையிலும் சும்மா குடியிருக்கும். குழந்தையின் நுரையீரலுக்குள் இறங்கினால் நிமோனியா. மூளை உறைக்குப் போனால் மூளைக்காய்ச்சல். இதன் பலம் மேலே போர்த்தியிருக்கும் சர்க்கரைப் போர்வை. ரத்த வெள்ளணுக்கள் பிடிக்கப் போனால் வழுக்கிவிடும். பெரியவர்களின் உடல் இந்தப் போர்வையை அடையாளம் கண்டு எதிர்ப்புப் புரதம் தயாரிக்கும். இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைக்கு அந்தப் பக்குவம் வந்திருக்காது. வெறும் சர்க்கரையை ஊசியில் போட்டால் கண்டுகொள்ளாது.

அதனால் அந்தச் சர்க்கரையை ஒரு புரதத்தோடு ஒட்டவைத்தார்கள். பெரும்பாலும் விஷம் நீக்கிய டிப்தீரியா நச்சு. புரதத்தைக் கண்டதும் குழந்தையின் உடல் விழித்துக்கொள்கிறது, கூடவே ஒட்டியிருக்கும் சர்க்கரையையும் நினைவில் வைத்துக்கொள்கிறது. வாழைப்பழத்துக்குள் மாத்திரை வைத்துக் கொடுக்கிற தந்திரம்தான். என்ன, இங்கே சர்க்கரைதான் மாத்திரை.

சிக்கல் என்னவென்றால், போர்வை ஒன்றல்ல, 90-க்கும் மேற்பட்ட ரகங்கள். ஒவ்வொரு ரகத்துக்கும் தனியாகச் சர்க்கரை எடுத்து, தனியாகப் புரதத்தில் ஒட்டி, பிறகு கலக்க வேண்டும். 2000-ல் அமெரிக்காவில் வந்த முதல் ஊசியில் 7 ரகங்கள் இருந்தன. ஆப்பிரிக்காவிலும் ஆசியாவிலும் அதிகம் தொல்லை தரும் 1-ஆம் ரகமும் 5-ஆம் ரகமும் அதில் இல்லை. காசு இருக்கும் ஊரின் கிருமிக்குத்தானே முதலில் மருந்து வரும்! அப்போது இந்தக் கிருமியால் உலகில் ஆண்டுக்கு 7 லட்சத்துக்கும் மேற்பட்ட குழந்தைகள் இறப்பதாக மதிப்பிட்டார்கள். பெரும்பாலோர் ஏழை நாட்டுப் பிள்ளைகள்.

இங்கேதான் பொருளாதார நிபுணர்கள் உள்ளே வருகிறார்கள். ஆராய்ச்சிக்கு முன்பணம் கொடுத்தால், மருந்து வந்தாலும் வராவிட்டாலும் பணம் போனது போனதுதான். மைக்கேல் கிரெமர் போன்றவர்கள் திருப்பி யோசித்தார்கள்: ‘நீ செய்து கொண்டுவா, இன்ன விலைக்கு நாங்கள் வாங்கிக்கொள்கிறோம்’ என்று சட்டப்படி எழுதிக் கொடுத்துவிட்டால்? வாஷிங்டனில் உள்ள உலகளாவிய வளர்ச்சி மையம் 2005-ல் இதை விரிவான திட்டமாக வெளியிட்டது. (கிரெமருக்கு 2019-ல் அபிஜித் பானர்ஜி, எஸ்தர் டுஃப்லோவோடு நோபல் கிடைத்தது, அது வறுமை ஒழிப்பில் செய்த களச் சோதனைகளுக்காக.)

2007-ல் இத்தாலி, பிரிட்டன், கனடா, ரஷ்யா, நார்வே, கேட்ஸ் அறக்கட்டளை ஆகியவை சேர்ந்து 150 கோடி டாலர் தருவதாக உறுதியளித்தன. இத்தாலி மட்டும் 63.5 கோடி. ஆரம்ப டோஸ்களுக்கு 7 டாலர், அதன் பிறகு பல ஆண்டுகளுக்கு 3.50 டாலருக்கு மேல் கேட்கக் கூடாது என்பது பேச்சு. எனக்குப் பிடித்தது இன்னொரு நிபந்தனை: 1, 5, 14 ஆகிய ரகங்கள் ஊசியில் இருந்தே ஆக வேண்டும். வியாபார ஒப்பந்தத்துக்குள் நுண்ணுயிரியல் ஒரு ஷரத்தாக உட்கார்ந்துகொண்டது. 2010 டிசம்பரில் நிகராகுவாவில் முதல் குழந்தைகளுக்கு ஊசி போடப்பட்டது. 15 கோடிக்கும் மேற்பட்ட குழந்தைகளுக்குப் போய்ச் சேர்ந்திருக்கிறது, சுமார் 7 லட்சம் உயிர்கள் தப்பியிருக்கலாம் என்று கிரெமரும் சக ஆய்வாளர்களும் 2020-ல் எழுதினார்கள்.

திட்டம் போட்டவரே கொடுத்த மதிப்பெண் என்பதை மறக்க வேண்டாம். இந்த ஒப்பந்தம் இல்லாமலிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று ஒப்பிட்டுப் பார்க்க இன்னொரு உலகம் இல்லை. பணம் பெற்ற மருந்து நிறுவனங்களான ஃபைசரும் கிளாக்ஸோவும் ஏற்கெனவே ஊசியைத் தயாரிக்கும் தறுவாயில்தான் இருந்தன. கொஞ்சம் தாராளமாகவே கொடுத்துவிட்டார்கள் என்பது என் அபிப்பிராயம். எல்லைகளற்ற மருத்துவர்கள் அமைப்புக்கு இன்னும் கடுங்கோபம். 2016-ல் ஃபைசர் இலவசமாகத் தருவதாகச் சொன்ன 10 லட்சம் டோஸ்களை வேண்டாம் என்று மறுத்தது. தானம் வேண்டாம், விலையைக் குறை என்பது அவர்கள் வாதம்.

ஆண்டுக்கணக்கில் 3 டாலரைச் சுற்றியே நின்ற விலையை அசைத்தது மூன்றாவதாக வந்த போட்டியாளர். புனேயின் சீரம் நிறுவனம், ஆப்பிரிக்கா, ஆசியா போன்ற பகுதிகளில் அதிகம் உள்ள 10 ரகங்களைத் தேர்ந்தெடுத்துத் தயாரித்த ஊசிக்கு 2019 டிசம்பரில் உலக சுகாதார நிறுவனத்தின் ஒப்புதல் கிடைத்தது. விலை 2 டாலர். வாங்குவேன் என்ற வாக்குறுதி கடையைத் திறக்க வைத்தது. விலையை இறக்கியது எதிர்க்கடை.

இந்தியா 2017-ல் இமாச்சலப் பிரதேசம் உள்ளிட்ட சில மாநிலங்களில் தொடங்கி, 2021-ல் நாடு முழுவதும் இந்த ஊசியைக் கொண்டுவந்தது. தனியார் மருத்துவமனையில் டோஸுக்குச் சில ஆயிரம் ரூபாய் வரை ஆகலாம். ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசம். ஆறாவது வாரம், பதினான்காவது வாரம், ஒன்பதாவது மாதம் என மூன்று முறை. வீட்டில் கைக்குழந்தை இருந்தால் தடுப்பூசி அட்டையை எடுத்து, பி.சி.வி. என்ற இடத்தில் தேதிகள் விழுந்திருக்கின்றனவா என்று ஒருமுறை பார்த்துவிடுங்கள்.