உறைக்குள் இருக்கும் சரக்கு என்ன?



மளிகை வியாபாரிக்குப் படுக்கையைப் பற்றி என்ன பேச்சு என்று சிலர் நினைக்கலாம். ஜவ்வாது மலையில் அரிசி, பருப்பு விற்கும் கடையில்தான் போர்வை, தார்ப்பாய், டார்ச் லைட் எல்லாம் விற்கிறது. புதூர்நாடு பக்கம் கூடாரம் அடித்துத் தங்க இளைஞர்கள் வருவதால், ‘ஸ்லீப்பிங் பேக்’ என்னும் பைப்படுக்கையும் நம் சரக்கில் சேர்ந்துவிட்டது.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு மார்கழியில், நான் மலைக்கு அனுப்பிய பைப்படுக்கை ஒன்றை வாங்கிய கல்லூரி மாணவருக்கு இரவெல்லாம் தும்மல், விடியுமுன் இழுப்பு. ஜீப்பில் திருப்பத்தூருக்கு இறக்கி வைத்தியம் பார்த்தார்கள், பிழைத்துக்கொண்டார். அவருடைய தந்தை என் கடைக்கு வந்து சண்டை போடவில்லை. “உள்ளே பறவைத் தூவி என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா?” என்று மட்டும் கேட்டார். எனக்கு மொத்தமாகக் கொடுத்தவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. அதன் பிறகு விசாரித்துத் தெரிந்துகொண்டதை இங்கே எழுதுகிறேன்.

சீட்டில் ‘டவுன்’ என்று இருந்தால், வாத்து வகைப் பறவைகளின் இறகுக்கு அடியில் உள்ள மென்தூவி என்று பொருள். ‘ஃபெதர்’ என்றால் தண்டுள்ள இறகு. 90/10 என்றால் தூவி 90 பங்கு, இறகு 10 பங்கு. 650, 800 என்ற எண்கள் உப்பலைக் குறிப்பவை. ஒரு அவுன்ஸ் தூவி அத்தனை கன அங்குலம் விரியும். எண் உயர்ந்தால் எடைக்கு ஏற்ற கதகதப்பு கூடும், விலையும் கூடும். ஆனால் ஒவ்வாமைக்காரருக்கு அந்த எண்ணால் பாதுகாப்பில்லை. ‘டவுன் ஆல்டர்நேட்டிவ்’ என்று இருந்தால் அது தூவியே அல்ல, பெரும்பாலும் பாலியஸ்டர் நார். பெயரைப் பார்த்து மயங்க வேண்டாம்.

இறகு ஒவ்வாமை என்று சொல்லுகிறவர்களில் பலருக்கு உண்மைக் காரணம், படுக்கைத் தூசியில் வாழும் கண்ணுக்குத் தெரியாத சிற்றுண்ணியாக இருப்பதுண்டு. அதை மருத்துவர்தான் சோதித்துச் சொல்ல வேண்டும். பழைய பாலியஸ்டர் படுக்கையிலும் அது சேரும். தூசி மிகுந்த இலவம் பஞ்சும் சிலருக்கு ஆகாது. இறகே நுரையீரலைக் கெடுத்த சம்பவமும் உண்டு. இறகுப் படுக்கைக்கு மாறிய 43 வயதுக்காரர் ஒருவர் மூச்சு வாங்கி நடக்கவே முடியாமல் போனதையும், படுக்கையை மாற்றி மருந்து உண்டு தேறியதையும் 2019-இல் பிரிட்டன் மருத்துவ இதழ் ஒன்று வெளியிட்டது.

ஆகவே வாங்க வருபவரிடம் இரண்டு கேள்வி கேளுங்கள். ஆஸ்துமா, தும்மல் தொல்லை உண்டா? புறா, கிளி பக்கம் போனால் மூச்சு முட்டுமா? ஒன்றுக்கு ‘ஆம்’ என்றாலும் தூவிப் படுக்கையைக் காட்டாதீர்கள், பாலியஸ்டரைக் கொடுங்கள். கனமும் பருமனும் சற்று அதிகம்தான். ஆனால் பனியில் நனைந்தாலும் தூவியைப்போல் அடியோடு சுருண்டு போகாது, சீக்கிரம் உலரும், விலையும் குறைவு. நம் மலைக் குளிருக்கு இமயமலைச் சரக்கு தேவையில்லை.

உள்ளே விரிக்க ஒரு பருத்தி உறையும் சேர்த்து விற்கலாம். அதை 60 டிகிரி வெந்நீரில் துவைத்தால் உண்ணி சாகும். வாடகைக்கு விடுவோர் ஒவ்வொருவருக்கும் துவைத்த உறை கொடுத்து, படுக்கையை நன்றாக உலர்த்திய பிறகே கட்டி வையுங்கள்.

இப்போது நான் சீட்டைப் படிக்காமல் கொள்முதல் செய்வதில்லை. பில்லிலும் ‘உள்ளே: தூவி’ அல்லது ‘உள்ளே: பாலியஸ்டர்’ என்று எழுதியே மலைக்கு அனுப்புகிறேன். சில்லறை வணிகர்களும் அந்த வரியை வாடிக்கையாளருக்குப் படித்துக் காட்ட வேண்டுகிறேன். எடையில் குறை வைப்பதை நாம் பாவம் என்கிறோம். சொல்ல வேண்டியதைச் சொல்லாமல் விற்பதும் அதில் சேர்ந்ததுதான்.