பில் வார்டின் ஸ்தானம்

நான்கு பேர் மேடையேறி வாசிக்கும்போது, முன்னால் நின்று பாடுகிறவரை முதலிலும் கிதார் ஏந்தியவரை அடுத்தபடியாகவும் ரசிகரின் கண் தேடிச் செல்வதும், அவர்களுக்குப் பின்னால் டிரம்ஸ் வாத்தியங்களுக்கு நடுவே பாதி மறைந்து உட்கார்ந்திருக்கிற மனிதரைக் கடைசியாகவே கவனிப்பதும் எங்கும் உள்ள வழக்கம். ஹெவி மெட்டல் என்று பெயர் பெற்ற மேனாட்டுச் சங்கீதத்தின் மூலபுருஷர்கள் என்று பெரும்பாலோர் ஒப்புக்கொள்ளும் பிளாக் சப்பாத் குழுவின் சரித்திரத்தில், அப்படிப் பின்னால் அமர்ந்திருந்த பில் வார்டு என்ற கலைஞர் பல வருஷங்கள் இல்லாமற்போனதும், அவருடைய இடத்தில் வேறு திறமைசாலிகள் அமர்ந்து வாசித்ததும், அதனால் எழுந்த விவாதமும், அந்தச் சங்கீதத்தை ஒருபோதும் கேட்டிராதவர்கள்கூட அறிந்துகொள்ளத் தக்க விஷயம்.

இங்கிலாந்தின் பர்மிங்காம் நகரில், தொழிற்சாலைகள் நிறைந்த ஆஸ்டன் என்ற பேட்டையைச் சேர்ந்த நான்கு ஏழை இளைஞர்கள் 1968-ஆம் வருஷம் ஒன்றுசேர்ந்தார்கள். பாடகர் ஆஸி ஆஸ்போர்ன். கிதார் வாசித்தவர் டோனி அயோமி. பாஸ் கிதார் கீஸர் பட்லர். டிரம்ஸ் பில் வார்டு. அவர்களில் அயோமி, பதினேழாவது வயதில் உலோகத் தகடு செய்யும் ஆலையில் வேலை செய்தபோது வலக்கை விரல்கள் இரண்டின் நுனிகளை இயந்திரத்துக்குப் பறிகொடுத்தவர். இடக்கை வழக்கமுடைய அவருக்குத் தந்திகளை அழுத்துகிற கை அதுதான் என்றபோதிலும் மனந்தளராமல், பிளாஸ்டிக் உறைகளைத் தாமே செய்து விரலில் மாட்டிக்கொண்டும், மெல்லிய தந்திகளைப் பூட்டியும், பிற்பாடு சுருதியையே தாழ்த்தியும் வாசித்ததனால், அதுவரை யாரும் கேட்டிராத கனத்த நாதம் ஒன்று பிறந்தது. 1969 அக்டோபரில் ஏறக்குறைய ஒரே நாளில் பதிவான அவர்களுடைய முதல் ஆல்பம் 1970 பிப்ரவரி 13-ஆம் தேதி வெளியாயிற்று. அதிலிருந்துதான் ஹெவி மெட்டல் தொடங்குகிறது என்று கணக்கிடுவது வழக்கம்.

அயோமியின் கதை பிரசித்தமானது. வார்டின் கலை அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. அமெரிக்க ஜாஸ் சங்கீதத்தில் பேர்போன ஜீன் குரூபா, பட்டி ரிச் ஆகியோரைக் கேட்டுக் கேட்டுப் பழகியவர் வார்டு. ஆகையால் கடிகாரம் அடிப்பது போல் எண்ணிக்கை தவறாமல் கொட்டிக்கொண்டிருப்பதோடு தம் கடமை முடிந்தது என்று அவர் ஒருநாளும் கருதவில்லை. கிதார் ஒரு சொற்றொடரைச் சொல்லி நிறுத்தினால் அதற்கு மறுமொழி சொல்வது, பாடகர் மூச்சு வாங்கும் இடைவெளியில் ஒரு சிறு கொத்தை உருட்டிவிட்டு ஒதுங்கிக்கொள்வது, கனமான பகுதியில் சிறிது பின்வாங்கியும் வேகமான பகுதியில் சிறிது முந்தியும் காலப்பிரமாணத்தையே மூச்சுவிடச் செய்வது ஆகியவை அவருடைய வழி. பாட்டின் பாவத்தை அறிந்து, பல்லவிக்கு ஒரு விதமாகவும் சரணத்துக்கு வேறு விதமாகவும் வாசித்துப் பாடகருக்குப் போஷாக்குத் தரும் நல்ல மிருதங்க வித்வானை நினைத்துக்கொண்டால், வார்டு செய்த காரியம் நமக்கு எளிதில் விளங்கும். ‘வார் பிக்ஸ்’ பாட்டின் தொடக்கச் சரணங்களில் பாடகரின் குரலுக்குத் துணையாக அவருடைய தாளத் தட்டுகள் மட்டும் மெல்லத் துடித்துக்கொண்டிருப்பதையும், ‘அயர்ன் மேன்’ பாட்டு அவர் காலால் மிதித்து எழுப்பும் கனத்த ஒலியோடு ஆரம்பமாவதையும் கேட்பவர்கள், அந்தப் பாட்டுகளை இயற்றியதில் அவருக்கும் பங்குண்டு என்பதை ஒப்புக்கொள்வார்கள்.

அவர் இடத்தில் மற்றவர்கள் வாசிக்க நேர்ந்தது அண்மையில் மட்டும் நிகழ்ந்ததன்று. ஆஸ்போர்ன் 1979-ல் விலக்கப்பட்டு, ரானி ஜேம்ஸ் டியோ பாடகராக வந்த பிறகு, 1980-ஆம் வருஷச் சுற்றுப்பயணத்தின் நடுவிலேயே, மதுப்பழக்கத்தாலும் மனச்சோர்வாலும் நலிந்திருந்த வார்டு விலகினார். சில நாட்களுக்குள் பாட்டுகளைப் பாடம் செய்துகொண்டு வின்னி அப்பிசி என்ற இளைஞர் அந்த ஆசனத்தில் அமர்ந்தார். 1983-ல் வார்டு திரும்பி வந்து ஓர் ஆல்பத்துக்கு வாசித்தார். அதன் சுற்றுப்பயணத்துக்கு பெவ் பெவன் என்பவர் வாசித்தார். ஆஸ்போர்ன், அயோமி, பட்லர் மூவரும் 1997-ல் மறுபடி ஒன்றுகூடியபோது முதலில் மைக் போர்டின் என்பவர் வாசித்தார். அந்த வருஷம் டிசம்பரில் சொந்த ஊரான பர்மிங்காமில்தான் நால்வரும் சேர்ந்து மேடையேறினார்கள். மறுவருஷமே வார்டுக்கு மாரடைப்பு வந்தது. அப்பிசி மறுபடியும் கைகொடுத்தார். இந்த மாறுதல்களுக்கெல்லாம் பெரும்பாலும் உடல்நலமோ மனநலமோ காரணமாக இருந்ததனால், ரசிகர்கள் வருந்தினார்களே தவிர யாரையும் குற்றம் சொல்லவில்லை.

2011-ஆம் வருஷம் நடந்தது வேறு வகை. அந்த வருஷம் நவம்பர் 11-ஆம் தேதி, லாஸ் ஏஞ்சலிஸை ஒட்டிய வெஸ்ட் ஹாலிவுட் நகரில் விஸ்கி எ கோ கோ என்ற பழம்பெரும் அரங்கில் நால்வரும் பத்திரிகையாளர் முன் ஒன்றாக வீற்றிருந்து, ரிக் ரூபின் தயாரிப்பில் புதிய ஆல்பமும் உலகச் சுற்றுப்பயணமும் வரப்போவதாக அறிவித்தார்கள். மூன்று மாதங்கள் ஆவதற்குள், 2012 பிப்ரவரித் தொடக்கத்தில், கையெழுத்திடத் தகுந்த ஒப்பந்தம் தமக்குக் கொடுக்கப்படாதவரையில் தாம் இதில் தொடர முடியாது என்று வார்டு பகிரங்கமாகத் தெரிவித்தார். அவரில்லாமலே மேற்கொண்டு செல்வதைத் தவிர வேறு வழியில்லை என்று மற்ற மூவரும் பதில் சொன்னார்கள். அதற்குச் சற்று முன்னர்தான் அயோமிக்கு நிணநீர்ச் சுரப்பிப் புற்றுநோய் இருப்பது கண்டுபிடிக்கப்பட்டிருந்தது. காலம் யாருக்காகவும் காத்திருக்காது என்ற அச்சம் அவர்களை நெருக்கியிருக்கக்கூடும் என்பதையும் நாம் கருத வேண்டும். பின்னாளில் ஆஸ்போர்ன், வார்டின் உடல்நிலை நீண்ட கச்சேரியைத் தாங்காது என்பதே காரணம் என்றார். வார்டு அதை மறுத்து, மன்னிப்பையும் கோரினார். இருவர் பேச்சில் எது முழு உண்மை என்று வெளியில் நிற்கிற நாம் தீர்ப்புச் சொல்வது முறையாகாது.

வெற்றிடம் இரண்டு விதமாக நிரப்பப்பட்டது. மேடைக்கு, ஆஸ்போர்னின் சொந்தக் குழுவில் ஏற்கெனவே வாசித்துவந்த டாமி க்ளுபெட்டோஸ் அமர்த்தப்பட்டார். 2012 மே மாதம் பர்மிங்காமில் நடந்த முதற் கச்சேரியிலேயே அவர், தம்மைவிட முப்பது வயது மூத்தவர்களுக்குத் தளராத வலுவைத் தந்தார். பிற்பாடு ‘ராட் சாலட்’ என்ற பாட்டின் இடையே நீண்ட தனி ஆவர்த்தனம் வாசித்து, மூத்தவர்கள் சற்று இளைப்பாறவும் இடம் செய்து கொடுத்தார். ஆல்பத்துக்கோ, முதலில் மூத்த டிரம்ஸ் கலைஞரான ஜிஞ்சர் பேக்கரின் பெயரைச் சொன்ன ரூபின், கடைசியில் ரேஜ் அகெய்ன்ஸ்ட் தி மெஷின் குழுவைச் சேர்ந்த பிராட் வில்க்கை அழைத்தார். ரூபினின் கோரிக்கையோ எளிதானதன்று: நாற்பது வருஷங்களாக ஹெவி மெட்டல் சேர்த்துக்கொண்ட அலங்காரங்களை உதறிவிட்டு, 1970-ஆம் வருஷத்து முதல் ஆல்பத்தின் இயல்பான, சுதந்திரமான ஓட்டத்தை மீட்டுத் தரவேண்டும் என்பது அவர் நோக்கம். ஆனால் அந்த ஓட்டத்தைப் படைத்தவர்களில் ஒருவரான வார்டு அப்போது அறையில் இல்லை. மாற்றாக வருகிறவருக்கு உள்ள தர்மசங்கடம் இதுதான்: முன்னவரை அப்படியே பின்பற்றினால் நகல் என்பார்கள், தம் வழியில் வாசித்தால் அன்னியம் என்பார்கள்.

‘13’ என்று பெயரிடப்பட்ட அந்த ஆல்பம் 2013 ஜூன் மாதம் வெளிவந்து, அமெரிக்காவில் அக்குழுவுக்கு முதன்முறையாக விற்பனையில் முதலிடத்தையும், இங்கிலாந்தில் ‘பாரனாய்ட்’ ஆல்பத்துக்குப் பிறகு ஏறக்குறைய 43 வருஷங்கள் கழித்து மீண்டும் முதலிடத்தையும் பெற்றது. அதிலிருந்த ஒரு பாட்டுக்கு 2014-ல் கிராமி விருதும் கிடைத்தது. வில்க்கின் வாசிப்பில் அடக்கமும் அழுத்தமும் இருக்கின்றன; க்ளுபெட்டோஸின் வாசிப்பில் கணக்குத் தவறாத வீரியம் இருக்கிறது. இவற்றைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. எனினும் பழைய இசைத்தட்டுகளையும் இதையும் அடுத்தடுத்துக் கேட்கும்போது, கிதாரோடு வாதாடி, இணங்கி, மறுபடி வாதாடுகிற அந்தப் பழைய சம்பாஷணை குறைந்து, கிதார் சொல்வதைத் தாளம் ஆமோதிப்பது மிகுந்திருப்பதாகவே எனக்குப் படுகிறது. 2017 பிப்ரவரி 4-ஆம் தேதி பர்மிங்காமில் விடைபெறும் கச்சேரி நடந்தபோதும் வார்டு அங்கே இல்லை.

மரணம் பிரித்துவிட்ட குழுக்களின் நிலை வேறு. லெட் செப்பெலின் குழுவில் டிரம்ஸ் வாசித்த ஜான் பான்ஹம் 1980-ல் மறைந்ததும் மற்றவர்கள் குழுவையே கலைத்துவிட்டார்கள்; 2007 டிசம்பர் 10-ஆம் தேதி லண்டனில் ஒரே ஓர் இரவுக்கு ஒன்றுகூடியபோது, அவருடைய மகன் ஜேசன் தகப்பனாரின் ஸ்தானத்தில் அமர்ந்தார். பான்டெரா குழுவில் டிரம்ஸ் வாசித்த வின்னி பால் 2018-ல் காலமான பிறகு, அவருடைய இடத்தில் வாசிக்க ஆந்த்ராக்ஸ் குழுவின் சார்லி பெனாண்டே 2022-ல் முன்வந்தார். அங்கெல்லாம் மாற்று வாசிப்பே ஓர் அஞ்சலி ஆகிறது. உயிரோடும் விருப்பத்தோடும் இருக்கிற ஒருவரின் இடத்தில் இன்னொருவர் உட்கார நேரும்போது, அதே வாசிப்பு எவ்வளவு சிறந்திருந்தாலும் ஒரு குறையின் அடையாளமாகிவிடுகிறது.

அந்தக் குறை 2025 ஜூலை 5-ஆம் தேதி தீர்ந்தது. ஆஸ்டனிலேயே உள்ள வில்லா பார்க் மைதானத்தில், நடுக்குவாத நோயால் நிற்க முடியாமல் ஆசனத்தில் அமர்ந்து பாடிய ஆஸ்போர்னோடு, அயோமியும் பட்லரும், 77 வயதான வார்டும் நான்கு பாட்டுகளை வாசித்தார்கள்; அவர்கள் நால்வரும் ஒன்றாக வாசித்து இருபது வருஷங்கள் ஆகியிருந்தன. அதே மேடையில் அன்று சற்று முன்னர் ஆஸ்போர்னின் சொந்தக் குழுவுக்கு டிரம்ஸ் வாசித்தவர் க்ளுபெட்டோஸ். அந்த நான்கு பாட்டுகளில் இளமையின் வேகம் இல்லை. ஆனால் பழைய சம்பாஷணை இருந்தது. பதினேழு நாட்களுக்குப் பிறகு, ஜூலை 22-ஆம் தேதி, ஆஸ்போர்ன் காலமானார்.

என்னுடைய அபிப்பிராயத்தை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். 2012 முதல் 2017 வரை நடந்தவை உயர்ந்த கச்சேரிகள். மறுபடி ஒன்றுகூடல் என்ற பெயருக்கு உரியது வில்லா பார்க்கில் நடந்த அந்தக் கச்சேரிதான். ஒரு குழுவின் பழைய பெயரைச் சொல்லி ரசிகர்களை அழைக்கிறவர்கள், அந்தப் பெயரை உண்டாக்கிய ஒவ்வொருவரோடும் நியாயமான ஏற்பாட்டை முதலில் முடித்துக்கொண்டு, அதன் பிறகே மேடையேறி அறிவிப்புச் செய்ய வேண்டும். உடல்நலம் இடம் தராவிட்டால், அதையும் அவருடைய சம்மதத்தோடு, மரியாதையாகச் சொல்ல வேண்டும். மாற்றாக வந்து வாசிக்கிறவரை வசைபாடாமல் அவருடைய உழைப்பைக் கேட்டு மகிழ்வது ரசிகரின் கடமை. பின்வரிசையில் அமர்ந்திருப்பதால் ஒருவரைக் கூலிக்கு வந்தவராக எண்ணிவிடாமல், அவரும் அந்தச் சங்கீதத்தின் கர்த்தா என்று மதிப்பது எல்லோருடைய கடமை.