படியேறும் கதிரை

மட்டக்களப்பு வாவியின் இரு கரைகளிலும் நம் முன்னோர் கட்டிய வீடுகளிற் படி என்பது திண்ணைக்கு ஏறும் இரண்டு மூன்று கல்லேயாம். முதுமையுற்றோர் திண்ணையில் இருந்தனர், திண்ணையிற் படுத்தனர். 2004ஆம் ஆண்டு மார்கழியிற் கடலும், 2011ஆம் ஆண்டு தையில் வெள்ளமும் வந்து போன பின்னர், கீழே நீர் புகுந்தாலும் மேலே உயிர் தப்பும் என்று நம்மிற் பலர் மாடி எடுத்தோம். காணி சிறிது, அறைக்கு இடம் வேண்டும், ஆகவே படிக்கட்டை ஒடுக்கினோம். என் வீட்டுப் படிக்கட்டின் அகலம் இரண்டரை அடி. பத்தாம் படியில் ஒரு திருப்பம். அங்கே படிகள் விசிறிபோல் ஒருபுறம் அகன்று மறுபுறம் குறுகும்.

அத்திருப்பத்திலேதான் சென்ற மாரியில் என் அன்னையார் சறுக்கி விழுந்தார். எலும்புக்கு ஊறில்லை, எனினும் அன்றுமுதல் இறங்கத் துணிந்தாரில்லை. வைகாசியிற் கண்ணகியம்மன் சடங்கு வந்தது. பேரப்பிள்ளைகள் இருவர் அவரைக் கதிரையோடு தூக்கினர். திருப்பத்திற் கதிரைக் கால் சுவரில் மோதி நின்றது. “விடுங்க பிள்ளையள், நான் இஞ்சயே இருக்கன்” என்றார். எண்பத்திரண்டு வயதில், குளிர்த்திக்குச் செல்லாத ஆண்டு அவருக்கு அதுவே முதலாவது.

இலண்டனில் வாழும் என் தம்பிதான் படிக்கதிரையைப் பற்றி எழுதினான். அங்குள்ள ஒடுங்கிய வரிசை வீடுகளில் நம்மவரின் பெற்றோர் பலர் அதில் ஏறி இறங்குகின்றனராம். (கதிரை போர்த்துக்கேயர் தந்த சொல். 1628இல் இங்கே கோட்டை கட்டியவர்கள் 1638இல் அதை ஒல்லாந்தரிடம் இழந்தனர். சொல்லை நாம் இழக்கவில்லை. பண்டிதர் சிலர் முகஞ் சுளிப்பினும் நான் கதிரை என்றே எழுதுவேன்.) அமெரிக்காவின் பென்சில்வேனியாவிற் கிறிஸ்பென் என்பவர் 1920களில் இத்தகைய பொறியை வீடுகளுக்குச் செய்து விற்கத் தொடங்கினார். பழனிமலையில் விஞ்சு வண்டியில் ஏறியவர்கள், சாய்ந்த தண்டவாளத்தில் ஓர் ஆசனம் ஏறுவதை எளிதில் எண்ணிப் பார்க்கலாம். அங்கே கம்பிவடம் இழுக்கின்றது. இங்கே பெரும்பாலும் ஆசனத்தின் அடியிலுள்ள மோட்டாரே தண்டவாளத்தின் பற்களைப் பற்றி ஏறுகின்றது. ஐரோப்பிய நியமப்படி அதன் வேகம் விநாடிக்கு 15 சென்ரிமீற்றரை மிஞ்சலாகாது.

தண்டவாளத்தைச் சுவர் தாங்குவதில்லை, படிகளே தாங்குகின்றன. ஆதலாற் சுவர் வலிதா என்று கவலுவதினும் படி வலிதா என்று பார்ப்பதே முறை.

இனி அளவுக்கு வருவோம். சுவருக்குச் சுவர் நாடா பிடித்து இரண்டரை அடி என்று எழுதிக்கொண்டு மகிழ்ந்தேன். அது போதாது. அமர்பவர் பக்கவாட்டாகவே செல்கிறார். முதுகு ஒரு சுவரை நோக்க, முழங்கால் மறு சுவரை நோக்கும். ஆகவே அளக்க வேண்டியது முழங்காலைத்தான். அன்னையாரை நேரான கதிரையில் அமர்த்தி, முதுகிலிருந்து முழங்கால் நுனி வரை அளந்தேன். தண்டவாளமும் முதுகுப்பலகையும் கொள்ளும் சில அங்குலங்களைக் கூட்டினேன். நேர்ப்படியில் இடமிருந்தது, திருப்பத்தில் இரண்டு விரற்கடைதான் எஞ்சியது. நம் மேசன்மார் பூசும் சுவர் மேலும் கீழும் ஒரே அகலம் தருவதில்லை. பல இடங்களில் அளந்து, அவற்றுட் குறைந்ததையே கொள்ளவேண்டும். மேற்றளத்தின் விளிம்பு தலையில் இடிக்குமா என்பதையும் பார்க்க வேண்டும். முழங்கால் மடங்காதோர்க்குச் சாய்ந்து நிற்கும் வகை ஆசனமும் உண்டு. அதற்கு அகலம் குறைவாகப் போதும், ஆனால் தலைக்கு மேல் உயரம் மிகுதியாக வேண்டும்.

விற்பனையாளர் ஒருவர் வந்தார். நேரான தண்டவாளங்கள் இரண்டு போடலாம், செலவு மிகக் குறையும் என்றார். அவர் கூற்றுப் பொய்யன்று. நேர்த்தண்டவாளத்தை வெட்டிப் பொருத்தலாம், கழற்றி வேறு வீட்டுக்கும் கொண்டுபோகலாம்; வளைந்ததோ அந்த ஒரு படிக்கட்டுக்கென்றே வளைக்கப்படுவது, விலையும் பல மடங்கு. ஆனால் இரண்டாகப் போட்டால், ஒன்றிலிருந்து எழுந்து மற்றதற்கு நடந்து மாறவேண்டும். எங்கே? அன்னையார் விழுந்த அதே திருப்பத்தில்! பணத்தை மிச்சம்பிடித்து ஆபத்தை அப்படியே வைத்துக்கொள்வதாக அது முடியும். தளம் அகன்றிருந்து, எழுந்து நிற்க வலிமையும் உள்ளவர்க்கு அம்முறை பொருந்தும். எமக்குப் பொருந்தாது. வளைந்ததையே சொல்லியிருக்கிறோம், செலவிற் பாதி தம்பியுடையது.

வளைவிலும் உட்புறமா வெளிப்புறமா என்ற வினா உண்டு. வெளிப்புறம் சாய்வு மென்மையானது. ஆனால் நடப்போர்க்குக் குறுகிய உட்படியே எஞ்சும். உட்புறம் சாய்வு செங்குத்து. நடப்போர்க்கு அகன்ற படி கிடைக்கும். ஒரே படிக்கட்டுள்ள எம் வீட்டிற் பிள்ளைகள் ஓடித் திரிவதால் உட்புறத்தைத் தெரிந்தோம். தண்டவாளம் மேலே சென்று தளத்தின் மூலையில் வளைந்து முடியும். அங்கே ஆசனம் மடிந்து நிற்கும். அன்னையார் இறங்கும் இடமும் படியின் விளிம்பாக இராமற் சமதளமாக இருக்கும்.

மின்னூட்டும் இடத்தையும் மேலேயே வைக்கச் சொன்னேன். மோட்டாரும் பற்றரியும் ஆசனத்தோடு இருப்பவை. கதிரையைக் கீழே நிறுத்திவிட்டு உறங்கும் இரவில் வாவி பெருகினால் அவை நனையும். பற்றரியில் ஓடுவதால் மின்சாரம் நின்றாலும் சில தடவை ஏறி இறங்கலாம். 2022ஆம் ஆண்டு பங்குனி இறுதியில் நாளுக்கு 13 மணிநேரம் இருளில் இருந்த நமக்கு இது சிறிய செய்தியன்று. உப்புக்காற்றுக்குத் துருவேறாத ஆணிகளையும் கேட்டிருக்கிறேன்.

1996ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டமும், 2006ஆம் ஆண்டின் அணுகுவசதி ஒழுங்குவிதிகளும் பொதுக் கட்டடங்களின் வாசலைத் திறந்தன. தனியார் வீட்டுப் படியை அவை எட்டிப் பார்ப்பதில்லை. அது வீட்டுக்காரன் பாடு.

இவ்வளவையும் அன்னையாரிடம் படம் வரைந்து விளக்கினேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, “நடுவழியில நிண்டா என்ன மனே செய்யிற?” என்றார். நான் கேட்க மறந்த வினா அது. கையாற் சுழற்றி இறக்கும் வசதி சிலவற்றில் உண்டு. எமக்கு வருவதில் உண்டா, அதைச் சுழற்ற மருமகளின் கைவலிமை போதுமா என்று மறுநாட் காலையிலேயே விற்பனையாளருக்கு எழுதினேன். மறுமொழி வந்த பின்னரே முற்பணம் கட்டுவதென்று இருக்கிறோம். அன்னையார் அடுத்த வைகாசிக்கு எத்தனை மாதம் என்று விரல் மடிக்கிறார்.