விதைப் பை, பில், நோட்டீஸ்... அறுவடை வரை பத்திரம்!

“ஏக்கருக்கு 40 மூட்டை நிச்சயம்னு நோட்டீஸ் கொடுத்தாங்க. நம்பி விதைச்சேன். பாதிகூட முளைக்கல. கேட்டா, ‘உங்க மண்ணு சரியில்ல’ங்கிறாங்க. யார்கிட்ட போய்ச் சொல்றது?”

விதைப்பு முடிந்ததும் பல ஊர்களில் கேட்கும் புலம்பல் இது. இப்படி ஏமாந்தவர்களுக்கு வழி சொல்கிறது, நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம்-2019.

நோட்டீஸும் விளம்பரம்தான்!

டி.வி-யில் வருவது மட்டுமே விளம்பரமல்ல. துண்டு நோட்டீஸ், பையில் ஒட்டிய லேபிள், மேலுறை, பில்... எல்லாமே இந்தச் சட்டப்படி விளம்பரம்தான். தரம், அளவு பற்றிப் பொய் சொல்வது, பொய்யான உத்தரவாதம் தருவது, முக்கியத் தகவலை வேண்டுமென்றே மறைப்பது ஆகியவை குற்றம். மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம், தயாரிப்பாளருக்கு 10 லட்சம் ரூபாய் வரை அபராதம் விதிக்கலாம். மீண்டும் செய்தால் 50 லட்சம் வரை போகும்.

பையில் அச்சிட்ட விலைக்கு மேல் வாங்கினாலும், பில் தர மறுத்தாலும் புகார் செய்யலாம்.

விவசாயியும் நுகர்வோரே!

‘விளைச்சலை விற்கிறீர்கள். அதனால் நீங்கள் வியாபாரி’ என்று சொல்லித் தட்டிக்கழிக்கப் பார்ப்பார்கள். தேசிய விதைக் கழகம் தொடர்ந்த வழக்கில் இந்த வாதத்தை உச்ச நீதிமன்றம் 2012-ல் ஏற்கவில்லை. ‘சோதனைக்கு விதை கொண்டுவா’ என்ற வாதமும் எடுபடவில்லை. வாங்கிய விதை முழுவதையும் விவசாயி விதைத்துவிடுவார். சோதனைக்கென்று எடுத்து வைத்திருப்பார் என எதிர்பார்க்க முடியாது என்றது நீதிமன்றம். ஆனாலும், ஒரு கைப்பிடி விதையை எடுத்து வைப்பது நமக்குத்தான் பலம்.

என்ன செய்ய வேண்டும்?

* குவியல் எண் எழுதிய பில்லைக் கேட்டு வாங்குங்கள்.

* பை, அட்டை, நோட்டீஸ் மூன்றையும் அறுவடை வரை வைத்திருங்கள். அட்டையில் முளைப்புத்திறன் அளவும், சோதனை செய்த தேதியும் இருக்கும்.

* முளைப்பில் குறை தெரிந்த உடனே வேளாண்மைத் துறைக்கு எழுத்தில் புகார் கொடுத்து, வயலை ஆய்வு செய்யச் சொல்லுங்கள். போட்டோவும் எடுத்துக்கொள்ளுங்கள். உழுது அழித்த பிறகு நிரூபிப்பது சிரமம்.

* தீர்வு கிடைக்காவிட்டால், 2 ஆண்டுகளுக்குள் உங்கள் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் வழக்குப் போடுங்கள். கம்பெனி எந்த ஊரில் இருந்தாலும், நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே போடலாம். கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் கட்டணம் இல்லை. வக்கீல் இல்லாமல் நீங்களே வாதாடலாம்.

ஆலோசனைக்கு, தேசிய நுகர்வோர் உதவி எண் 1915.

விதைத்த கையோடு காலிப் பையை அடுப்பில் போடுகிறோம். அந்தப் பைதான் நாளைக்கு உங்கள் சாட்சி!