சிப்பிப்பாறையை சைக்கிளோட ஓடவிடலாமா?

இன்னைக்கு ஒரு நேயர் கேள்வி. ஊர் வேம்பார். வொர்க் ஃப்ரம் ஹோம் கிடைச்சதும் ஊர்ப்பக்கமே வந்துட்டார். கூட ஒன்றரை வயசு சிப்பிப்பாறை நாய். "காலைல ஈசிஆர்ல சைக்கிள் ஓட்டுவேன். இவனையும் கூடவே ஓட வச்சு, 20 கிலோமீட்டர் தாங்குற மாதிரி பழக்கலாமா?"ன்னு கேட்கிறார்.

பழக்கலாம். ஆனா வேம்பார்ல 20 வேண்டாம்.

அந்த 20 எங்கிருந்து வருதுன்னு எனக்குப் புரியுது. ஜெர்மன் ஷெப்பர்ட் வளர்க்கிறவங்க கிட்ட 'ஏடி'ன்னு ஒரு சோதனை இருக்கு. நாய் சைக்கிள் பக்கத்துல மணிக்கு 12 முதல் 15 கிமீ வேகத்துல 20 கிமீ ஓடணும். 16 மாசம் ஆகாத நாயைச் சேர்க்க மாட்டாங்க. 8-வது கிலோமீட்டர்ல 15 நிமிஷம், 15-வதுல 20 நிமிஷம் ஓய்வு. நமக்கு முக்கியமான விதி இதெல்லாம் இல்ல. வெளியில 22 டிகிரிக்கு மேல இருந்தா சோதனையே நடத்தக் கூடாது. வேம்பார்ல 22 டிகிரின்னா மார்கழி, தை விடியக்காலையில ஒட்டி வரும். அவ்வளவுதான்.

ஏன் இவ்வளவு கறார்? நாய்க்கு நம்மள மாதிரி உடம்பெல்லாம் வேர்க்காது. பாதத்துல கொஞ்சம் வேர்க்கும். மத்தபடி நாக்கைத் தொங்கப்போட்டு இரைக்கிறதுதான் வழி. வாய்ல இருக்கிற ஈரம் ஆவியாகும்போது சூடும் கூடவே போகுது. கடலோரக் காத்துல ஏற்கெனவே ஈரம் நிறைஞ்சிருந்தா, ஆவியாகுறது குறைஞ்சிடும். அதனால உள்ள தள்ளி விளாத்திகுளத்துல காயுற 28 டிகிரியும், வேம்பார்ல பிசுபிசுக்கிற 28 டிகிரியும் நாய்க்கு ஒண்ணு இல்ல. அலாஸ்கால இடிடராட் பந்தய நாய்ங்க சுமார் 1,600 கிமீ ஓடுதேன்னு கேட்பீங்க. அங்க உடம்புச் சூட்டை வாங்கிக்க பனி இருக்கு.

சிப்பிப்பாறை வேற ரகம். விருதுநகர் மாவட்டத்து ஊர்ப் பேரைத் தாங்கின இந்த நாய், முயல் துரத்தவே உருவானது. (இப்போ முயல் வேட்டை சட்டப்படி குற்றம். 1972 வனவிலங்குச் சட்டம். யாரும் கிளம்பிடாதீங்க.) ஒட்டின வயிறு, ஆழமான நெஞ்சு, நீளக் கால். கண்ணுல பட்டதும் பாஞ்சு, கொஞ்ச நேரத்துல முடிச்சிடுற ஓட்டம். கரிசல் வெயில் பழகின உடம்புதான். ஆனாலும் மணிக்கணக்கா ஓடுறது அதோட வேலை இல்ல.

இன்னொண்ணு. லேப்டாப் சூடானா தானே வேகத்தைக் குறைச்சுக்கும். நாய் குறைக்காது. நீங்க முன்னாடி போனா அது பின்னாடி வந்துக்கிட்டே இருக்கும். கூட ஜாகிங் போனா, பெரும்பாலும் நமக்குத்தான் முதல்ல மூச்சு வாங்கும், நின்னுடுவோம். சைக்கிள்ல 12 கிமீ வேகம் நமக்கு உழைப்பே இல்ல. அதான் ஆபத்து.

சரி, எப்படிப் பழக்குறது? முதல்ல கால்நடை டாக்டர் கிட்ட மூட்டையும் நெஞ்சையும் காட்டுங்க. முதல் வாரம் ஓட்டமே வேண்டாம். சைக்கிளைத் தள்ளிக்கிட்டு நாயோட நடங்க. ரெண்டாவது வாரம் அஞ்சு நிமிஷம் மெதுவா ஓட்டுங்க. காலைப் பாருங்க: முன் வலது, பின் இடதுன்னு குறுக்குச் சோடியா விழுந்தா அது சீரான ஓட்டம். நமக்கு வேணும்கிறது இதுதான். தாவிப் பாய ஆரம்பிச்சா நீங்க வேகமாப் போறீங்க, பிரேக்கைப் பிடிங்க. ஒரு நாள் ஓட்டம், ஒரு நாள் ஓய்வு. வாரத்துக்கு ரெண்டு மூணு நிமிஷம் கூட்டினாப் போதும். அரை மணி நேரத்தைத் தொட்டா, இந்தக் கடலோரத்துக்கு அதுவே நல்ல ஸ்டாமினா.

நேரம்? விடியறதுக்கு முன்னாடி. ஈரப்பதம் அப்போ கூடத்தான், ஆனா வெயில் இல்ல, ரோடு ஆறியிருக்கும். சாயங்காலம் கடல்காத்து சுகமா இருக்கும். தார் ரோடு பகல் முழுக்கக் குடிச்ச சூட்டைக் கக்கிக்கிட்டிருக்கும்.

கயிறை ஹேண்டில்பார்ல சுத்தாதீங்க. ஒரு ஆட்டுக்குட்டி குறுக்க ஓடினா போதும், நீங்க ரோட்டுல கிடப்பீங்க. கழுத்துப்பட்டை வேண்டாம், நெஞ்சுப்பட்டை. சீட்டுக்குக் கீழ ஸ்ப்ரிங் வச்ச கம்பி மாட்டி அதுல இணைக்கலாம். நாய் உங்க இடது பக்கம் வரட்டும், வண்டிங்க வலதுல போகும். ஆனா அந்த இடது ஓரம்தான் சீமைக்கருவேல முள் கிடக்கிற இடம். வீட்டுக்கு வந்ததும் பாதத்தை விரிச்சுப் பாருங்க. (உங்க ட்யூபையும்.) சாப்பிட்டு ரெண்டு மூணு மணி நேரம் ஓட வேண்டாம், நெஞ்சு ஆழமான நாய்க்கு வயிறு உப்பி முறுக்கிக்கிற ஆபத்து உண்டு, அது உயிரை எடுக்கும்.

நாக்கு நுனி கரண்டி மாதிரி அகலமாத் தொங்குது, ஈறு கருஞ்சிவப்பா இருக்கு, பக்கத்துல வந்தது பின்தங்குது: உடனே நிறுத்துங்க. தள்ளாடினாலோ வாந்தி எடுத்தாலோ ஹீட் ஸ்ட்ரோக்னே வச்சுக்கங்க. நாயோட உடம்பு சாதாரணமா 38, 39 டிகிரி. 41-ஐத் தாண்டினா உறுப்புங்க கெட ஆரம்பிக்கும். டாக்டரைத் தேடி ஓடுறதுக்கு முன்னாடி குளிர வைங்க. தண்ணியை உடம்பு முழுக்க ஊத்துங்க, விசிறுங்க. கடல் தண்ணி மட்டும் இருந்தா அதையே ஊத்தலாம். குடிக்க மட்டும் விடாதீங்க. ஈரத் துண்டைப் போர்த்தாதீங்க, அது சூட்டை உள்ளயே பிடிச்சு வச்சுக்கும். அப்புறம் வண்டியில ஏத்துங்க, ஜன்னலைத் திறந்து வச்சு.