கவிழ்ந்த பாய்மரப் படகு நிமிர்வது எப்படி?

நீண்ட கடற்பயணத்துக்கு இரு பாய்மரப் படகுகளை ஒப்பிடும்போது முதலில் பார்க்க வேண்டியது நிமிரும் திறன்.

படகின் எடை ஈர்ப்பு மையத்தின் வழியே கீழ்நோக்கியும், நீரின் உந்துவிசை மிதப்பு மையத்தின் வழியே மேல்நோக்கியும் செயல்படுகின்றன. படகு சாயும்போது மிதப்பு மையம் சாய்ந்த பக்கம் நகர்வதால், இவ்விரு விசைகளும் சேர்ந்து படகை நிமிர்த்துகின்றன. எல்லைக்கோணம் எனப்படும் குறிப்பிட்ட கோணத்தைத் தாண்டினால் அவையே படகைக் கவிழ்த்துவிடும்.

அகலமான, எடை குறைந்த படகு தொடக்கத்தில் எளிதில் சாயாது. உள்ளே இடமும் அதிகம். ஆனால் தலைகீழானால் அந்த அகலமே அதை அப்படியே நிறுத்திவைக்கும். ஒடுங்கிய உடலும் அடியில் கனத்த அடிக்கட்டையும் (கீல்) கொண்ட படகு எளிதில் சாய்ந்தாலும், கவிழ்ந்த பின் விரைவில் நிமிரும்.

1979 ஃபாஸ்ட்நெட் பாய்மரப் படகுப் பந்தயத்தைத் தாக்கிய புயலில் போட்டியாளர்கள் 15 பேர் இறந்தனர். பின்னர் ஒப்பிடப்பட்ட இரு படகுகளில், அகன்ற கிரிமால்கினின் எல்லைக்கோணம் சுமார் 117 பாகை. ஒடுங்கிய கான்டெஸ்ஸா 32 வகைக்குச் சுமார் 155 பாகை. மிகச் சிறிய படகுகளின் பிரிவில் பந்தயத்தை முடித்த ஒரே படகான அசென்ட், கான்டெஸ்ஸா 32 வகையைச் சேர்ந்தது.

அடுத்துப் பார்க்க வேண்டியது வேகம். அது நீர்மட்டத்தில் படகின் நீளத்தைப் பொறுத்தது. அடிக்கணக்கிலான அந்நீளத்தின் வர்க்கமூலத்தை 1.34ஆல் பெருக்கினால் உச்சவேகம் நாட் அளவில் தோராயமாகக் கிடைக்கும்: 24 அடிக்கு 6.6, 30 அடிக்கு 7.3.

கரையோரப் பயணத்துக்கு அகன்ற படகு வசதியானது. பெருங்கடலைக் கடக்க எல்லைக்கோணம் கூடிய படகே ஏற்றது.