பொறுத்திருக்கும் காதல்

நம்மவர் இல்லங்களில் அடிக்கடி காணும் நிலை இது. ஊரில் நிச்சயதார்த்தம் முடிகிறது. மணமகன் மும்பைக்கோ தில்லிக்கோ வேலைக்குத் திரும்பிவிடுகிறான். மணமகள் நெல்லையிலோ நாகர்கோவிலிலோ இருக்கிறாள். முன்னாளில் ஒரு மடலுக்கு மறுமடல் வர இரண்டு வாரமேனும் ஆகும். இன்றோ கைப்பேசியில் அரைமணி நேரம் மறுமொழி இல்லையென்றால் மனத்தாங்கல் தொடங்கிவிடுகிறது. "என்னை மறந்துவிட்டாயோ?" என்று எழுந்த வினா, "யாரோடு பேசிக்கொண்டிருந்தாய்?" என்பதில் வந்து நிற்கிறது. இதனை அன்பின் மிகுதி என்றே இளைஞர் பலர் கருதுகின்றனர்.

கிறிஸ்தவ மறையின் கருத்து வேறு. கொரிந்தியருக்குத் தூய பவுல் எழுதிய முதல் நிருபத்தின் 13-ஆம் அதிகாரம் திருமணங்களில் பெரிதும் வாசிக்கப்படுவது. அன்பின் இயல்புகளை அடுக்கிச் செல்லும் அவர், பொறுமையையே முதலில் வைக்கிறார். கிரேக்க மூலத்தில் அவர் ஆண்ட சொல், எளிதில் சினம் கொள்ளாத நெடிய உள்ளத்தைக் குறிப்பது.

பொறுமைக்குச் சான்றாக யாக்கோபைக் காட்டுவது வழக்கம். ராகேலை மணக்க அவன் லாபானிடம் ஏழாண்டு உழைத்தான். ஏமாற்றப்பட்டு, அவளுக்காகவே மேலும் ஏழாண்டு உழைத்தான். அரிய காதல்தான். ஆயினும் ராகேலின் உள்ளம் யாது என்பதை ஆதியாகமத்தின் அப்பகுதி சொல்லவில்லை. ஒப்பந்தம் ஆடவர் இருவர்க்கிடையே முடிந்துவிட்டது! காத்திருப்பதோடு, காதலிக்கப்படுபவள் தானே எண்ணித் துணிவதற்கு இடம் விடுவதும் பொறுமை அன்றோ? அதற்கு நாம் அண்மைக்காலத்திற்கு வரவேண்டும்.

டீட்ரிச் போன்ஹோஃபர் ஜெர்மனி நாட்டு லூத்தரன் போதகர்; ஹிட்லரின் ஆட்சியை எதிர்த்தவர். 1942-இல், தம் 36-ஆம் வயதில், மரியா ஃபான் வேடமேயர் என்னும் 18 வயது நங்கையிடம் மனத்தைப் பறிகொடுத்தார். அவ்வாண்டு ஆகஸ்டில் அவள் தந்தை போர்முனையில் மாண்டார். அக்டோபரில் தமையனும் மாண்டான். துயரில் இருக்கும் இளம்பெண் அவசரப்பட்டுவிடலாகாது என்று அஞ்சிய தாய், இருவரும் ஓராண்டு விலகியிருக்க வேண்டினார். போன்ஹோஃபருக்கு அது கசப்பாகவே இருந்தது. எனினும் அவர் போராடவில்லை.

1943 ஜனவரியில் மரியா தானே மடல் எழுதி இசைவு தெரிவித்தாள். சிறிது காலம் தனித்திருக்கவும் விரும்பினாள். 'இசைந்த பின்னும் தனிமை எதற்கு?' என்று சினந்திருப்பார் வேறொருவர். தனிமையின் நன்மையையும் அதன் இடரையும் தாம் அறிந்தவர் ஆதலால் அவள் விருப்பம் தமக்கு விளங்குகிறது என்று மறுமொழி எழுதினார் அவர். கைக்கு எட்டிய மகிழ்ச்சியை இறுகப் பற்றாமல் இருப்பதற்குத் துணிவு வேண்டும்.

இதற்கு அவர்கள் கொடுத்த விலை சிறிதன்று. அவ்வாண்டு ஏப்ரல் 5-ஆம் நாள் அவர் கைதானார். அதன்பின் அவர்கள் பெரும்பாலும் சந்தித்தது பெர்லினின் டேகல் சிறையில், காவலர் கண்முன். காத்திராமல் மணந்திருக்கலாகாதா என்று கேட்பவர் உண்டு. கேட்கத்தக்க வினாவே. ஆனால் வற்புறுத்திப் பெற்ற இசைவு அச்சிறைநாட்களைத் தாங்கியிருக்குமா என்பது ஐயம். மரியாவோ தன் அறையில், கட்டிலைச் சுற்றி, அவருடைய சிறையறையின் அளவுக்குச் சுண்ணக்கட்டியால் கோடு வரைந்துகொண்டாள். 1945 பிப்ரவரியில், கம்பளி உடைகள் நிறைந்த பெட்டியோடு ஃப்ளோசன்பூர்க் முகாம் வரை நடந்து சென்று, அவர் அங்கு இல்லை என்று கேட்டுத் திரும்பினாள். அதே முகாமில் ஏப்ரல் 9-ஆம் நாள் அவர் தூக்கிலிடப்பட்டார்.

மரியா பின்னர் அமெரிக்கா சென்று கணிதம் பயின்று, கணிப்பொறித் துறையில் பணியாற்றினார். அம்மடல்களை நெடுங்காலம் தம்மோடு வைத்திருந்தார். அவர் 1977-இல் மறைந்தார்; இருவர் மடல்களும் ஒருங்கே நூலாக வெளிவந்தது 1992-இல்.